நாற்காலி வழக்கைப் பாடமாக்குங்கள்: சட்டக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுச் சட்டக் கல்லூரிகளில் பாடம் நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



கீரப்பாளையத்திலிருந்து எழுதுகிறேன். சிதம்பரம் நீதிமன்றத்தில் வழக்காடுகிறவள் நான். எங்கள் ஒன்றியத்து ஊர்களிலிருந்து பிள்ளைகள் விழுப்புரம், புதுச்சேரி, சென்னை என்று போய்ச் சட்டம் படிக்கிறார்கள். பலர் வீட்டுக்கு முதல் பட்டதாரி. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ச் சேர்த்த காசில் அம்மாக்கள் படிக்கவைத்த பிள்ளைகள். படிப்பு முடிந்ததும் கறுப்புக் கோட்டோடு ஊர் திரும்பி எங்களிடம் ஜூனியராகச் சேர்கிறார்கள். நீங்கள் உருவாக்கி அனுப்பும் இந்தப் பிள்ளைகளோடு அன்றாடம் வேலை செய்கிறவள் என்ற உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். பாலின சமத்துவத்தையும் பாகுபாட்டையும் தனியாக ஒரு விருப்பத்தாளில் ஒதுக்கிவைக்காதீர்கள். குற்றவியல், சாட்சியச் சட்டம், சொத்துரிமை, அரசமைப்பு என்று எந்தப் பாடம் எடுத்தாலும் அதற்குள்ளேயே வைத்துக் கற்றுக்கொடுங்கள். அப்படிக் கற்றுக்கொடுக்கும்போது உதாரணத்துக்கு வெகுதூரம் போகாதீர்கள். எங்கள் கடலூர் மாவட்டமே ஒரு பாடநூல்.

முதல் பாடம் எங்கள் பக்கத்து ஊரிலிருந்தே தொடங்கட்டும். 2020 அக்டோபரில் ஒரு புகைப்படம் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. புவனகிரியை ஒட்டிய தெற்குத்திட்டை ஊராட்சியின் கூட்டம். உறுப்பினர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊராட்சி மன்றத் தலைவர் ராஜேஸ்வரி தரையில் உட்கார்ந்திருக்கிறார். பட்டியல் சமூகத்துப் பெண். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர். கொடியேற்றக்கூடத் தன்னை விடவில்லை என்று அவர் சொன்னார். புவனகிரி காவல் நிலையத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது. ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். செய்தி சில நாள் ஓடி அடங்கியது.

ஒரு சட்ட வகுப்பு இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்யலாம் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பதவி அவருக்குக் கிடைத்தது எப்படி? 73-ஆவது அரசமைப்புத் திருத்தம் வழியாக, பிரிவு 243டி வழியாக, பெண்களுக்கு உள்ளாட்சியில் பாதி இடம் என்று 2016-இல் தமிழ்நாடு செய்த சட்டத் திருத்தம் வழியாக. அரசமைப்பு அவரை அந்த அறைக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. நாற்காலியில் உட்காரவைப்பது யார் வேலை? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் திருத்தம் வந்து, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரைத் தன் பணியைச் செய்யவிடாமல் தடுப்பதைத் தனிக் குற்றமாகவே அது சொல்கிறது. அப்படியானால் தரையில் உட்காரவைப்பது பணியைத் தடுப்பதா, பொதுவில் அவமதிப்பதா, இரண்டுமா? குற்றச்சாட்டை எப்படி வரைவீர்கள்? சாட்சி யார்? கூட்டத் தீர்மானப் புத்தகத்தில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று எழுதியிருக்குமா?

இதையெல்லாம் கேட்டு முடித்த பிறகு இன்னொரு கேள்வியையும் மாணவர் முன் வையுங்கள். தலைவர் பட்டியல் சமூகத்து ஆணாக இருந்திருந்தால் அந்தக் கூட்டம் எப்படி நடந்திருக்கும்? வேறு சாதிப் பெண்ணாக இருந்திருந்தால்? சாதி இவ்வளவு, பாலினம் இவ்வளவு என்று பங்கு பிரிக்க முடியாது என்பது மாணவருக்குத் தானாகவே புரியவரும். அதன் பிறகு பட்டான் ஜமால் வலி வழக்கை நடத்துங்கள். ஆந்திரத்தில் பார்வையற்ற பட்டியல் சமூகப் பெண் ஒருவருக்கு இழைக்கப்பட்ட வன்கொடுமை பற்றிய அந்த வழக்கில், 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலினம், சாதி, மாற்றுத்திறன் மூன்றும் ஒரே உடலில் சேரும்போது பாதிப்பு எப்படிப் பெருகுகிறது என்று நீதிமன்றம் விரிவாகவே பேசியது. வன்புணர்வுக்கான தண்டனையை உறுதியும் செய்தது. ஆனால் வன்கொடுமைச் சட்டத்தின் கீழ் விதித்த தண்டனை நிற்கவில்லை. சாதியின் காரணமாகவே குற்றம் நடந்தது என்பதற்குச் சாட்சியம் இல்லை என்று சொல்லிவிட்டது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சமூகத்தவர் என்று தெரிந்திருந்தாலே போதும் என்று சட்டம் பிறகு மாறியது. அந்தக் குற்றம் நடந்தது அதற்கு முன்பு. அவ்வளவு புரிதல் உள்ள தீர்ப்பிலேயே அந்தப் பகுதி ஏன் தோற்றது என்று யோசிக்கும் மாணவர், விசாரணையின் முதல் நாளிலேயே எதைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்வார். தெற்குத்திட்டையில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பியும் வந்துவிடுவார்.

தனித்தாள் மட்டும் போதாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என்னிடம் சேரும் ஜூனியர்களில் அந்தத் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் உண்டு. விசாகா வழிகாட்டுதல்களை வரிசையாகச் சொல்வார்கள். குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இல் வந்தது என்பார்கள். ஒருநாள் அப்படி ஒரு ஜூனியர், ஒரு பெண்ணின் மனுவுக்கான விவரங்களைப் படித்துவிட்டு, "மேடம், கல்யாணமாகி ஆறாவது மாசத்துலேர்ந்து அடிக்கிறாராம். அஞ்சு வருஷம் கழிச்சு இப்பத்தான் வர்றாங்க. எதிர்தரப்பு இதைத்தான் பிடிப்பாங்க, ரொம்ப வீக்கான கேஸ்" என்றார். அந்தப் பெண் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அவரே பதில் சொன்னார்: "புகாரு குடுத்துட்டு அன்னிக்கு ராத்திரி எந்த வூட்டுக்குப் போறது, தம்பி?"

அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டோம். ரேஷன் கார்டு மாமனார் பெயரில். குழந்தை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில். மகளிர் குழுவில் அவர் பெயரில் எடுத்த கடனைக் கணவர் வாங்கிக்கொண்டார். வாரத் தவணையை இந்தப் பெண்தான் கட்ட வேண்டும். காவல் நிலையத்துக்கு முன்பே ஒருமுறை போயிருக்கிறார். சிஎஸ்ஆர் ரசீது போட்டுக் கொடுத்து, இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, சமாதானமாகப் போகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த ரசீதை அரிசி டப்பாவுக்கு அடியில் மடித்து வைத்திருந்தார். ஐந்து வருடத் தாமதம் என்று ஜூனியர் நினைத்த இடத்தில் முதல் ஆண்டுத் தேதியோடு ஓர் ஆவணம் இருந்தது. கேட்கத் தெரிந்திருந்தால் அது முதல் நாளே கைக்கு வந்திருக்கும்.

அந்த ஜூனியர் கெட்டிக்காரர், நல்ல மனமும் உள்ளவர். கல்லூரியில் சாட்சியச் சட்டம் ஒரு வகுப்பிலும் பெண்களும் சட்டமும் இன்னொரு வகுப்பிலுமாக அவருக்கு நடந்தது. இரண்டும் ஒரே மேசையில் வந்து உட்காரும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தாமதம் என்றால் சந்தேகம் என்பது ஒரு பாடத்தில் படித்தது. பெண் ஏன் தாமதிக்கிறாள் என்பது இன்னொரு பாடத்தின் கடைசி அலகில் இருந்தது. சாட்சியச் சட்டம் நடத்தும் ஆசிரியரே அந்த இரண்டாவது கேள்வியையும் கேட்டிருந்தால் ஜூனியர் அந்தப் பெண்ணிடம் வேறு மாதிரிப் பேசத் தொடங்கியிருப்பார்.

இது என் ஆசை மட்டும் அல்ல. நாட்டின் உச்ச நீதிமன்றமும் இந்தத் திசையில் சொல்லியிருக்கிறது. பாலியல் தொல்லை வழக்கொன்றில், பாதிக்கப்பட்ட பெண்ணின் வீட்டுக்குப் போய் ராக்கி கட்டிக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை போட்டுக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. அபர்ணா பட் உள்ளிட்ட பெண் வழக்கறிஞர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2021 மார்ச் 18 அன்று, நீதிபதிகள் கான்வில்கரும் ரவீந்திர பட்டும் அந்த நிபந்தனையை நீக்கினார்கள். அதோடு நிற்கவில்லை. நீதிபதிகளுக்கான பயிற்சியில் பாலின உணர்வூட்டல் இருக்க வேண்டும். சட்டப் படிப்பில் என்ன கற்பிக்க வேண்டும் என்று இந்திய பார் கவுன்சில் அறிஞர்களைக் கலந்து, கல்லூரிகளோடு விவாதிக்க வேண்டும். அகில இந்திய பார் தேர்வில் பாலியல் குற்றங்களும் பாலின உணர்வூட்டலும் கட்டாயம் இடம்பெற வேண்டும் என்றார்கள். அந்த ஜாமீன் நிபந்தனையை எழுதியவரும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு சட்டக் கல்லூரியின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்தான். வேரைத் தேடிப் போன உச்ச நீதிமன்றம் உங்கள் வகுப்பறையில் வந்து நின்றது.

உங்கள் தொழிலுக்கு இதில் பெருமைப்பட ஒரு வரலாறும் உண்டு. மகாராஷ்டிரத்தில் 1972-இல் மதுரா என்ற பழங்குடிச் சிறுமி காவல் நிலைய வளாகத்தில் காவலரால் வன்புணரப்பட்டாள். உயர் நீதிமன்றம் தண்டித்தது. 1978-இல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. உடலில் காயம் இல்லை, கூச்சல் போட்டதற்குச் சான்று இல்லை, ஆகவே இணங்கினாள் என்பது அதன் வாதம். அதை எதிர்த்து முதலில் குரல் கொடுத்தவர்கள் சட்ட ஆசிரியர்கள்: உபேந்திர பக்ஷி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர், லோதிகா சர்க்கார். 1979 செப்டம்பரில் இந்த நால்வரும் இந்தியத் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். காவலர் கட்டுப்பாட்டில் இருக்கும் ஒரு சிறுமி பணிந்துபோவதும் இணங்குவதும் ஒன்றல்ல என்று தீர்ப்பை வரிவரியாகப் பிரித்துக் காட்டினார்கள். அந்த மடல் கைமாறிக் கைமாறிப் போய்ப் பெண்கள் இயக்கத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. 1983-இல் சட்டம் மாறியது. காவலில் நடக்கும் வன்புணர்வு தனிக் கடுங்குற்றமானது. அத்தகைய வழக்கில் தான் இணங்கவில்லை என்று பெண் சொன்னால் நீதிமன்றம் அப்படியே கொள்ள வேண்டும் என்ற 114ஏ பிரிவு சாட்சியச் சட்டத்தில் சேர்ந்தது. பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடக் கூடாது என்ற விதியும் அப்போது வந்ததுதான். வகுப்பில் சாக்பீஸ் பிடித்த நான்கு பேர் தொடங்கிவைத்த மாற்றம் இது.

அந்தச் சட்டம் வந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே அதற்குச் சோதனை வந்தது. 1992-இல் சிதம்பரம் அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் விசாரணைக்கென்று அழைத்துப்போன ஒருவர் இறந்துபோனார். அவருடைய மனைவி அதே நிலையத்தில் காவலர்களால் வன்புணரப்பட்டார். ஜனநாயக மாதர் சங்கமும் இடதுசாரி இயக்கமும் விடாமல் போராடி அந்த வழக்கை நீதிமன்றம் வரை கொண்டுபோய்த் தண்டனையும் வாங்கித்தந்தன. அந்தப் பெண்ணின் பெயரிலேயே வழக்கு இன்றும் பேசப்படுகிறது. நான் இங்கே அந்தப் பெயரை எழுதவில்லை. அதற்கான விதி இன்று பாரதிய நியாயச் சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவில் இருக்கிறது. ஒரு பெண்ணின் பெயரை ஊரே சொல்லிக்கொண்டிருக்கும்போது சட்டம் மட்டும் ஏன் காக்கிறது என்பதே ஒரு முழு வகுப்புக்கான விவாதம்.

1992 என்ற அந்த ஓர் ஆண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பருவம் முழுவதும் பாடம் நடத்தலாம் என்று எனக்கு நெடுநாளாகத் தோன்றுகிறது. அண்ணாமலை நகர் அந்த ஆண்டு. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி அந்த ஆண்டு ஜூன் 20: சந்தன மரக் கடத்தலைத் தேடி வந்ததாகச் சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் ஒரு பழங்குடிக் கிராமத்தைச் சூறையாடின, 18 பெண்கள் வன்புணரப்பட்டார்கள். ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவி தாக்கப்பட்டது அந்த ஆண்டு செப்டம்பரில்; விசாகா தீர்ப்பு 1997-இல் வந்ததற்கு அதுதான் மூலம். தமிழ்நாட்டில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்ததும் அந்த ஆண்டுதான். டிசம்பரில் 73-ஆவது திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஒரே ஆண்டில் அரசு எந்திரம் பெண்களுக்குச் செய்த கொடுமையும் பெண்களுக்கென்று திறந்த கதவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. குற்றவியல், அரசமைப்பு, தொழிலாளர் சட்டம், நிர்வாகச் சட்டம் நான்கையும் இந்த ஓர் ஆண்டுக்குள்ளிருந்தே கற்பிக்க முடியும்.

வாச்சாத்தியை நடத்தும்போது அதன் முடிவையும் நடத்துங்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் தீர்ப்புக்கு முன்பே 54 பேர் இறந்துவிட்டார்கள். 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் மிச்சமிருந்த 215 பேரையும் தண்டித்தது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி வேல்முருகன், 2023-இல் அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்தார், மக்களிடம் கேட்டார், அந்த ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதிசெய்தார். உயர் நீதிமன்ற நீதிபதியே இடத்தைப் பார்க்காமல் தீர்ப்பு எழுத மனம் ஒப்பாமல் மலையடிவாரத்துக்குப் போயிருக்கிறார் என்றால், மாணவர்கள் ஐந்து ஆண்டும் வகுப்பறைக்குள்ளேயே உட்கார்ந்து படிப்பது எப்படிச் சரியாகும்?

அடுத்து, விருத்தாசலம் பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டை. முருகேசன் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பொறியியல் படித்த இளைஞர். கண்ணகி வன்னியர் சமூகத்துப் பெண். 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8 அன்று இருவரையும் பிடித்து, நஞ்சைப் புகட்டிக் கொன்று எரித்தார்கள். காவல் நிலையம் முதலில் அசைந்துகொடுக்கவில்லை. வழக்கு 2004-இல் சிபிஐ கைக்குப் போனது. 2021 செப்டம்பர் 24 அன்றுதான் கடலூர் நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தது: கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கு, தந்தை உள்ளிட்ட மற்றவர்களுக்கு ஆயுள். தண்டனை பெற்றவர்களில் காவல் அதிகாரிகளும் இருந்தார்கள். 2022-இல் உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாக்கியது. 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, முருகேசனின் பெற்றோருக்கு 5 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. இருபத்திரண்டு ஆண்டுகள்.

இந்த வழக்கை வன்கொடுமைச் சட்டத்தின் கீழ் மட்டும் நடத்திவிட்டுப் போகாதீர்கள். கண்ணகி வயது வந்த பெண். தன் கல்யாணத்தைத் தானே முடிவு செய்தவர். அதற்காகத் தன் வீட்டாராலேயே கொல்லப்பட்டவர். மகளின் முடிவு குடும்பத்தின் சொத்து என்று நினைக்கும் மனசும், அவளுடைய கணவனின் சாதியைத் தீட்டென்று நினைக்கும் மனசும் அங்கே ஒன்றாக வேலை செய்தன. காவல் நிலையத்துக்கு ஒரு தகப்பன் ஓடிவந்து மகனைக் காணோம் என்று சொல்லும்போது அங்கே ஓர் இளம் வழக்கறிஞர் உடன் இருந்தால் என்ன எழுதிக்கொடுக்க வேண்டும்? எஃப்ஐஆர் போட மறுத்தால் யாருக்கு அனுப்ப வேண்டும்? ஷக்தி வாஹினி வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பாதுகாப்பு இல்லம் நம் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது? சுயமரியாதைத் திருமணத்துக்கு வழக்கறிஞர் தொழில்முறையில் அல்லாமல் நண்பராகவோ உறவினராகவோ சாட்சியாக நிற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தெளிவாக்கிவிட்டது. நாளை ஒரு ஜோடி உங்கள் மாணவரின் அலுவலகக் கதவைத் தட்டும். அந்த இரவுக்கான சட்டம் அவர் கையில் இருக்க வேண்டும். கண்ணகி, முருகேசன் குடும்பத்துக்காக நெடுங்காலம் நின்ற வழக்கறிஞர் இரத்தினத்தின் பெயரையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். வழக்கு நடத்துவது என்றால் என்ன என்று அது காட்டும்.

ரத்தம் சிந்தாமல் நடக்கும் பாகுபாடும் இருக்கிறது. அதைப் பார்க்க எங்கள் பக்கத்துச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு முகூர்த்த நாளில் வந்து ஒரு மணி நேரம் உட்காருங்கள். அண்ணன் தம்பிகள் வேன் வைத்துக் கல்யாணமான தங்கையைக் கூட்டிவருவார்கள். பத்திர எழுத்தர் விடுதலைப் பத்திரத்தைத் தயாராக வைத்திருப்பார். தகப்பன் விட்டுப்போன நஞ்சையில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அதில் இருக்கும். தங்கை படமெடுக்க நிற்பாள், விரல் ரேகை வைப்பாள். சம்மதந்தானே என்று கேட்டால், ஆமாங்க என்பாள். வெளியே வந்ததும் ஒரு புடவை கொடுப்பார்கள். கேட்டால், "சீரு செஞ்சாச்சு, பொறந்த வூட்டுக் கதவு தெறந்திருக்கணுமே" என்பாள்.

செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது 1929-இல். தமிழ்நாடு சட்டம் செய்தது 1989-இல். அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அந்த உரிமை கிடைக்கவில்லை. மத்தியச் சட்டம் 2005-இல் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. பிறப்பாலேயே மகள் பங்காளி என்று வினீதா சர்மா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. இத்தனையும் சொத்துரிமைப் பாடத்தில் நடத்துகிறீர்கள், நன்றாகவே நடத்துகிறீர்கள். அந்தப் பாடம் விடுதலைப் பத்திரம் வரைக்கும் போக வேண்டும். சட்டம் கொடுத்ததைப் பாசத்தின் பெயரால் திரும்ப வாங்கும் அந்தக் காகிதத்தைப் படிக்காமல் சொத்துரிமை முடிவதில்லை. சுதந்திரமான சம்மதம் என்றால் என்ன என்று ஒப்பந்தச் சட்டம் நடத்தும் ஆசிரியரும் அதே காகிதத்தைக் கையில் எடுக்கலாம்.

இப்படியெல்லாம் நடத்தும்போது மாணவர்கள் கேள்வி கேட்பார்கள். பெண்கள் பொய் வழக்குப் போடுகிறார்களே என்பார்கள். அந்தக் கேள்வியை அதட்டி அடக்காதீர்கள். வரதட்சணைக் கொடுமை வழக்கில் யோசிக்காமல் கைது செய்யக் கூடாது என்று 2014-இல் சொன்ன அர்னேஷ் குமார் தீர்ப்பை முழுதாகப் படிக்கவையுங்கள். கைது அதிகாரத்தைக் கட்டுப்படுத்துவது வேறு, புகார் கொடுக்கும் பெண்களையெல்லாம் பொய்க்காரிகள் என்று முடிவுகட்டுவது வேறு என்பதை அந்தத் தீர்ப்பை வைத்தே பிரித்துக் காட்டுங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் வழக்கறிஞரும் எங்களுக்கு வேண்டும். அவர் சாட்சிக் கூண்டில் நிற்கும் பெண்ணின் நடத்தையைக் கிளறாமல் வழக்கை நடத்தத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பெண்ணின் ஒழுக்கத்தைக் காட்டி அவள் சாட்சியத்தைக் குலைக்க வழிசெய்த விதியைச் சாட்சியச் சட்டத்திலிருந்து எடுத்து இருபதாண்டுக்கு மேலாகிறது. நீதிமன்ற அறைகளிலிருந்து அந்தக் கேள்விகள் இன்னும் முழுதாகப் போகவில்லை.

பாலினம் என்றால் பெண் மட்டும் இல்லை. 2018-இல் சத்யஸ்ரீ சர்மிளா தமிழ்நாடு பார் கவுன்சிலில் பதிவு செய்து, இந்தியாவின் முதல் திருநங்கை வழக்கறிஞரானார். அடுத்த ஆண்டே மதுரைக் கிளை நீதிபதி சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்பதில் திருநங்கையும் அடக்கம் என்று தீர்ப்பளித்தார். 2021-இல் ஒரு பெண் இணையரின் வழக்கு வந்தபோது நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இந்த விஷயத்தில் தெளிவு வேண்டும் என்று உளவியல் வல்லுநரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, அதற்குப் பிறகே உத்தரவு எழுதினார். இளம் மாணவருக்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடைக்காது. எங்கள் ஊர்ப் பக்கம் திருநங்கைகள் பட்டா, ரேஷன் கார்டு, வாடகை வீடு என்று ஒவ்வொன்றுக்கும் வக்கீலைத் தேடி வருகிறார்கள். அவர்களை நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவர்கள் சொல்லும் பெயரால் அழைத்துப் பேசும் பழக்கம் கல்லூரியிலேயே வந்துவிட வேண்டும்.

கடைசியாக, உங்கள் கல்லூரியையே ஒரு முறை பாருங்கள். பாலியல் தொல்லையிலிருந்து மாணவருக்கும் சேர்த்துப் பாதுகாப்பு தரும் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகள் 2016-இல் வந்தன. உள்ளகப் புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்கள் முதலாண்டு மாணவியிடம் கேட்டால் அவளுக்குத் தெரியுமா? விடுதி வாசல் மாணவிகளுக்கு எத்தனை மணிக்கு மூடுகிறது, மாணவர்களுக்கு எத்தனை மணிக்கு? மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு வெளியூர் போகும் அணியில் யாரைச் சேர்க்கிறீர்கள்? வகுப்பில் சாதிப் பெயர் சொல்லிக் கேலி செய்தால் அன்றைக்கே கண்டிக்கிறீர்களா? மாணவர்கள் சமத்துவத்தை முதலில் பார்த்துக் கற்பது இந்த இடங்களில்தான்.

எனவே, ஆசிரியப் பெருமக்களே, என் கோரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்று: ஒவ்வொரு கட்டாயப் பாடத்திலும் குறைந்தது ஒரு வழக்கையாவது இந்தக் கோணத்தில் முழுமையாக நடத்துங்கள். தேர்வில் அதிலிருந்து கேள்வி கேளுங்கள். கேள்வி வராவிட்டால் யாரும் படிக்க மாட்டார்கள்.

இரண்டு: உங்கள் மாவட்டத்தின் வழக்குகளைத் திரட்டி, மாணவர்களைக் கொண்டே தமிழில் வழக்கேடுகள் தயாரியுங்கள். தெற்குத்திட்டை, அண்ணாமலை நகர், புதுக்கூரைப்பேட்டை மூன்றையும் எங்கள் மாவட்டம் தருகிறது.

மூன்று: சட்ட உதவி முகாம் என்றால் துண்டறிக்கை கொடுத்துப் படமெடுத்துத் திரும்புவதாக இருக்க வேண்டாம். காவல் நிலையம், சார்பதிவாளர் அலுவலகம், ஊராட்சிக் கூட்டம், மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் என்று ஒரு பருவம் முழுவதும் மாணவர் போய்வரட்டும், பார்த்ததை எழுதட்டும், அதற்கு மதிப்பெண் கொடுங்கள்.

நான்கு: குறுக்கு விசாரணையைப் பயிற்சியாக நடத்துங்கள். பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவரை அவமதிக்காமல் எதிர்தரப்புக்காக வாதாடுவது எப்படி என்று ஒவ்வொரு மாணவரும் ஒரு முறையாவது செய்து பழகட்டும்.

ஐந்து: களத்தில் நின்றவர்களை வகுப்புக்கு அழைத்துவந்து பேசவையுங்கள். மாதர் சங்கத் தோழர்கள், ஊராட்சித் தலைவிகள், திருநங்கை வழக்கறிஞர்கள், வாச்சாத்திப் பெண்கள் இவர்களெல்லாம் உயிரோடு இருக்கும் சட்ட ஆசிரியர்கள். அவர்களுக்குப் போக்குவரத்துச் செலவும் மரியாதைத் தொகையும் கொடுத்து முறையாகக் கூப்பிடுங்கள்.

இவற்றில் எதற்கும் புதிய அரசாணை தேவையில்லை. பாடத்திட்டக் குழு ஒரு நாள் உட்கார்ந்தால் போதும். 1979-இல் நான்கு ஆசிரியர்கள் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. ஒரு தீர்ப்பைப் படித்தார்கள், அது தவறு என்று தோன்றியது, எழுதினார்கள். நீங்களும் அந்த மரபில் வந்தவர்கள்.

எங்கள் பக்கம் மாணவர்களை அழைத்துவர விரும்பும் கல்லூரிகளுக்கு, சிதம்பரம் நீதிமன்றத்தில் வழக்காடும் என் போன்றவர்கள் உடன் வந்து இடங்களைக் காட்டவும் வழக்குகளை விளக்கவும் தயாராக இருக்கிறோம். வரும் பருவத்துக்கான பாடத்திட்டத்தை முடிவு செய்வதற்கு முன்பு ஒரு தடவை வாருங்கள். மேலே கேட்ட ஐந்தில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, ஏன் என்று உங்கள் பதிலையும் வெளிப்படையாகவே எழுதுங்கள். உங்கள் மாணவர்களும் அதைப் படிக்கட்டும்.


கீரப்பாளையத்திலிருந்து ஒரு வழக்கறிஞர்